இதயம் எதை எரிக்கிறது, யார் சொல்லி எரிக்கிறது

இதயத்துக்கான ஒருவகை பெட் ஸ்கேனுக்கு நாள் குறித்துக்கொண்டவர்களிடம் மருத்துவமனையில் ஒரு தாள் தருவார்கள். அதைப் படித்ததும், தவறாக அச்சடித்துவிட்டார்களோ என்ற ஐயம் எவருக்கும் வரும். முந்தைய நாள் சோறு, இட்லி, ரொட்டி, பழம், பால், பருப்பு, சர்க்கரை எதையும் தொடக்கூடாது. எண்ணெயில் பொரித்த முட்டை, தோலோடு பொரித்த கோழி, மீன் ஆகியவற்றைத் தாராளமாகச் சாப்பிட வேண்டும். எண்ணெயைக் குறைக்கச் சொல்லும் அதே இதயப் பிரிவுதான் இப்படியும் எழுதித் தருகிறது. தாளில் பிழை இல்லை. இதயம் எதை எரித்து உழைக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதன் ஒவ்வொரு வரிக்கும் காரணம் புரியும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களின் இதயம் ஏன் சீக்கிரம் தளர்கிறது என்ற கேள்விக்கும் விடை அங்கேதான் தொடங்குகிறது.

பெரியவர் ஒருவரின் இதயம் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ளது. நாளொன்றுக்குச் சுமார் 100,000 முறை துடிக்கிறது. அதற்காக அது உண்டாக்கிச் செலவழிக்கும் ஏடிபியை (செல்லின் வேலைகளுக்குச் சக்தி தரும் மூலக்கூறு) ஒன்றாகக் கூட்டினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6 கிலோ வரும். கையிருப்பு மிகக் குறைவு. புதிதாகத் தயாரிப்பது நின்றால் சில விநாடிகளிலேயே தீர்ந்துபோகும். அதனால்தான் இதயத் தசைச் செல்லின் இடத்தில் மூன்றில் ஒரு பங்கை, எரிபொருளை எரித்துச் சக்தியாக்கும் நுண்ணறைகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஏடிபியில் சுமார் 95 விழுக்காடு அங்கே, ஆக்சிஜனைக் கொண்டு தயாராகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்குவதற்குச் செலவாகிறது. மீதி பெரும்பாலும் கால்சியம், சோடியம், பொட்டாசியம் அயனிகளை உரிய இடத்துக்குத் திருப்பி அனுப்பும் பம்புகளுக்குப் போகிறது.

எரிபொருளில் பாதிக்கு மேல், கொழுப்பு உடைந்து கிடைக்கும் கொழுப்பமிலம். வெறும் வயிற்றில் இந்தப் பங்கு இன்னும் கூடும். மீதியைக் குளுக்கோஸ், அது பாதி உடைந்து உண்டாகும் லாக்டேட், கல்லீரல் கொழுப்பிலிருந்து தயாரிக்கும் கீட்டோன், சிறிதளவு அமினோ அமிலம் ஆகியவை நிரப்புகின்றன. எது கிடைத்தாலும் எரிக்கக்கூடிய உறுப்பு இது. வயிற்றிலிருக்கும் சிசுவின் இதயம் பெரும்பாலும் குளுக்கோஸையும் லாக்டேட்டையும் நம்பியிருக்கிறது. பிறந்து பால் குடிக்கத் தொடங்கியபின் கொழுப்புக்கு மாறுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் கொலஸ்டிரால் வேறு, இதயம் எரிக்கும் கொழுப்பு வேறு. கொலஸ்டிராலை உடலால் எரித்துச் சக்தியாக்க முடியாது. ‘கெட்ட கொலஸ்டிரால்’ எனப்படும் எல்டிஎல் கூடினால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவரில் அது படியும். அது குழாயின் நோய். தசைக்குள் எரிவது கொழுப்பமிலம். ரத்தத்தில் தனித்துத் திரியும் கொழுப்பமிலத்தின் அளவு வழக்கமான கொழுப்புப் பரிசோதனை அறிக்கையில் இருக்காது. ‘இதயத்துக்குக் கொழுப்புதான் உணவு, அதனால் நெய்யும் தேங்காய்ப்பாலும் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. இதயத்துக்கு வேண்டிய கொழுப்பமிலத்தை உடம்பிலுள்ள கொழுப்புத் திசுவே மணிக்கு மணி அனுப்பிக்கொண்டிருக்கிறது. தட்டில் கூடுதலாக ஊற்றும் நெய்யால் அந்த வரத்துக்கு ஒரு நன்மையும் இல்லை, எல்டிஎல்தான் ஏறும். தேங்காய் எண்ணெய்க்கும் இது பொருந்தும். அதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைப்போல் அது நேரே கல்லீரலுக்குப் போய்விடும் என்று விளம்பரம் சொன்னாலும், பெரும்பகுதி மற்றக் கொழுப்புகள் போகும் வழியிலேயே போகிறது.

கொழுப்பமிலம் இதயத்தை அடைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கொழுப்புத் திசுவிலிருந்து விடுபட்டு, ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு வருவது. மற்றது, கல்லீரலும் குடலும் அனுப்பும் கொழுப்புத் துகள்களுக்குள் டிரைகிளிசரைடாக வருவது. அந்தத் துகள்களை இதயத்தின் தந்துகிச் சுவரில் ஒட்டியிருக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி வெட்டி, கொழுப்பமிலத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. சிடி36 என்ற புரதத்தின் உதவியோடு அது செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் கோஎன்சைம் ஏ (சுருக்கமாகக் கோஏ) என்ற துணை மூலக்கூறுடன் இணைக்கப்படுகிறது. ஆனால் அந்த வடிவில் அது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்ட முடியாது. கார்னிட்டின் என்ற மூலக்கூறோடு சேர்த்துத்தான் கடத்த வேண்டும். அந்தச் சேர்க்கையைச் செய்யும் நொதியின் பெயர் சிபிடி-1.

எவ்வளவு கொழுப்பு எரியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் இடம் இதுதான். மலோனில் கோஏ என்ற சிறு மூலக்கூறு சிபிடி-1-ஐத் தடுக்கிறது. நகர மையத்தில் நெரிசல் கூடினால் மின்னியல் சாலைக் கட்டணத்தை உயர்த்தி, வரும் வண்டிகளைக் குறைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. செல்லுக்குள் ஏற்கெனவே எரிபொருள் மிகுந்து, அது உடைந்து வரும் அசெட்டைல் கோஏ தேங்கினால், அதிலிருந்தே மலோனில் கோஏ உண்டாகி, வெளியிலிருந்து வரும் கொழுப்பை வாசலில் நிறுத்திவிடும். சக்தி குறைந்து, ஏடிபி செலவழிந்தபின் மிஞ்சும் ஏஎம்பி கூடினால் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொண்டு, மலோனில் கோஏ தயாரிப்பை நிறுத்தி வழியைத் திறக்கும்.

குளுக்கோஸுக்கும் கொழுப்புக்கும் உள்ள போட்டியை 1963-ல் கேம்பிரிட்ஜில் பிலிப் ராண்டலும் அவருடைய சகாக்களும் எலியின் இதயத்தையும் உதரவிதானத் தசையையும் வைத்து விளக்கினார்கள். கொழுப்பமிலம் எரியும்போது உண்டாகும் அசெட்டைல் கோஏயும், எரிப்பின் சக்தியைச் சுமக்கும் என்ஏடிஎச் மூலக்கூறும், குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவின் எரிப்புக்குள் விடும் நொதியான பைருவேட் டிஹைட்ரஜனேஸை முடக்கிவிடுகின்றன. கூடவே சிட்ரேட் சேர்ந்து, குளுக்கோஸ் உடையும் பாதையின் நடுவிலும் தடை போடுகிறது. விளைவு: கொழுப்பு கூடினால் குளுக்கோஸின் எரிப்பு தானாகக் குறையும். எதிர்த்திசையில் மலோனில் கோஏ இதே வேலையைச் செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும் நிலைதான் ஆரோக்கியமான இதயம். அது எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று சொல்பவை ஹார்மோன்கள்.

முதல் குரல் இன்சுலினுடையது. சாப்பிட்டதும் அது கூடுகிறது. இதயத் தசைக்குள் ஒதுங்கியிருக்கும் குளூட்-4 புரதங்களைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து குளுக்கோஸை உள்ளே எடுக்கச் செய்கிறது. அதைவிடப் பெரிய வேலையை அது இதயத்துக்கு வெளியே செய்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலம் வெளியேறுவதை நிறுத்திவிடுகிறது. இதற்கு மிகக் குறைந்த இன்சுலினே போதும். தசைக்குள் குளுக்கோஸைத் தள்ளத் தேவைப்படும் அளவைவிட இது மிகவும் குறைவு. இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் கெட்டுப்போவதற்குக் காரணம் இதுவே.

பெட் ஸ்கேனில் ஊசிவழி செலுத்துவது எஃப்டிஜி என்ற, கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த குளுக்கோஸ் போன்ற பொருள். சார்கொய்டோசிஸ் என்ற அழற்சி நோய் இதயத்தில் இருக்கிறதா என்று பார்க்க இது பயன்படுகிறது. அழற்சிச் செல்கள் எப்போதும் குளுக்கோஸை இழுக்கும். அவை இருக்கும் இடம் படத்தில் ஒளிரும். ஆனால் இதயத் தசையும் அன்று குளுக்கோஸ் எடுத்துக்கொண்டிருந்தால் முழு இதயமும் ஒளிர்ந்து, நோய் எங்கே என்று பிரித்தறிய முடியாது. ஆகவே இதயத்தை முழுக்கக் கொழுப்புக்குத் திருப்ப வேண்டும். முந்தைய நாள் குறைந்தது இரண்டு வேளை உணவில், வேளைக்கு 35 கிராமுக்கு மேல் கொழுப்பும் 3 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்தும் இருக்க வேண்டும், பிறகு பட்டினி. எத்தனை மணி நேரம் என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். அவர்கள் தரும் தாளில் உள்ளதே கணக்கு.

35 கிராம் கொழுப்பு என்பது எவ்வளவு? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 14 கிராம், ஒரு முட்டையில் 5 கிராம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் இரண்டு முட்டையைப் பொரித்து, எண்ணெயையும் சேர்த்துச் சாப்பிட்டால் கணக்குச் சரியாக வரும். கொழுப்பைச் சேர்ப்பது எளிது. மாவுச்சத்தை 3 கிராமுக்குள் நிறுத்துவதுதான் நம் சமையலில் கடினம். வெங்காயமும் தக்காளியும் அரைத்த குழம்பு, சோளமாவு பூசிப் பொரித்த கோழி, தயிரில் ஊறவைத்த தந்தூரி, சர்க்கரை சேர்த்த சம்பால், தேங்காய்ப்பால் கறி இவை ஒவ்வொன்றும் எல்லையைத் தாண்டவைக்கும். உப்பும் மிளகும் மட்டும் போட்டு வீட்டிலேயே பொரித்துக்கொள்வது நல்லது. உணவங்காடியில் வாங்கினால் உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று விற்பவருக்கே உறுதியாகத் தெரியாது. கோப்பிக்கடையில் ‘தே’ என்றாலே கெட்டிப்பால் சேர்ந்து வரும். ‘தே ஓ’ என்றால் பால்தான் இருக்காது, சர்க்கரை இருக்கும். ‘கோசோங்’ என்று சேர்த்துக் கேட்டால்தான் சர்க்கரையும் விடுபடும். பரிசோதனை நாளில் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

எங்கே தவறுகிறது என்றால், பெரும்பாலும் சின்ன விஷயங்களில். இருமல் மருந்துச் சாறு, தொண்டை மிட்டாய், சூயிங்கம் போன்ற இனிப்பு, மாத்திரை விழுங்க ஒரு வாய் மைலோ, வார்டில் படுத்திருப்பவருக்கு ஏறிக்கொண்டிருக்கும் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) சொட்டு. இவற்றில் எது உள்ளே போனாலும் இன்சுலின் சற்று ஏறும். கொழுப்புத் திசு உடனே கதவடைக்கும். ரத்தத்தில் கொழுப்பமிலம் குறையும். இதயம் குளுக்கோஸுக்குத் திரும்பிவிடும். பிறகு வேறு நாள் குறிக்க வேண்டியதுதான். சைவ உணவுக்காரர்களுக்குப் பருப்பும் தயிரும் பாலும் விலக்கப்படுவதால் தேர்வுகள் மிகக் குறைவு. 18 மணி நேரத்துக்கு மேற்பட்ட பட்டினி அவர்களுக்கு மாற்றுவழியாக இருக்கலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சில நிலையங்களில் ஸ்கேனுக்குமுன் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பரினைச் சிறிதளவு செலுத்துவார்கள். தந்துகிச் சுவரில் ஒட்டியிருக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸை அது ரத்தத்துக்குள் விடுவித்து, கொழுப்பமிலத்தை உயர்த்தும் என்பதே காரணம்.

இதே மருந்தை வைத்து வேறொரு கேள்வி கேட்கும்போது தயாரிப்பு நேர்மாறாகிவிடும். மாரடைப்புக்குப் பின் அசையாமல் கிடக்கும் தசைப்பகுதி செத்துவிட்டதா, ரத்தம் குறைந்ததால் ஒடுங்கி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, நோயாளிக்குக் குளுக்கோஸ் பானம் கொடுத்து, தேவைப்பட்டால் இன்சுலினும் செலுத்துவார்கள். உயிருள்ள தசை குளுக்கோஸை எடுக்கும், வடுவான தசை எடுக்காது. ஒரே இதயத்தை ஒரு நாள் கொழுப்புக்கும் இன்னொரு நாள் குளுக்கோஸுக்கும் இப்படித் திருப்ப முடிகிறது என்பதைவிட, ஹார்மோன்களின் ஆட்சிக்கு நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அட்ரினலின் இன்சுலினுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. தைப்பூசத்தன்று வெறும் வயிற்றோடு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடமோ காவடியோ எடுத்து நடப்பவரின் உடலில், பட்டினியால் இன்சுலின் தாழ்ந்திருக்கும். நடையாலும் உணர்ச்சிப் பெருக்காலும் அட்ரினலின் ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்து கொழுப்புத் திசுவைத் திறந்துவிட, ரத்தத்தில் கொழுப்பமிலம் கூடுகிறது. கால் தசைகள் வெளியிடும் லாக்டேட்டையும் இதயம் எடுத்து எரிக்கும். ஆரோக்கியமான இதயத்துக்கு இது ஒரு சுமையே அல்ல.

மாரடைப்பின்போது நிலைமை வேறு. வலியாலும் அச்சத்தாலும் அட்ரினலின் உச்சத்துக்குப் போக, கொழுப்பமிலம் ரத்தத்தில் வெள்ளமாக வருகிறது, ஆக்சிஜன்தான் இல்லை. பால்மிட்டிக் என்ற கொழுப்பமிலத்தின் ஒரு மூலக்கூறை முழுதாக எரித்தால் 106 ஏடிபி கிடைக்கும், அதற்கு 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். ஒரு குளுக்கோஸுக்கு 6 ஆக்சிஜனில் 30 முதல் 32 ஏடிபி. அதாவது ஓர் ஆக்சிஜனுக்குக் கொழுப்பில் 4.6, குளுக்கோஸில் 5-க்குச் சற்று மேல். சாதாரண நாளில் இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. ரத்தம் தட்டுப்படும் தசையில் பொருட்டாகிறது. மேலும், கொழுப்பு மிகுந்து பைருவேட் எரியாமல் நின்றுவிட்டால் அது லாக்டேட்டாகி, செல்லில் அமிலம் சேர்கிறது. அமிலத்தை வெளியேற்றச் சோடியம் உள்ளே வர, சோடியத்தை வெளியேற்றக் கால்சியம் உள்ளே வருகிறது. துடிப்பு ஒழுங்கு கெடுவதற்கு இதுவும் ஒரு வழி. நெஞ்சுவலிக்கு அளிக்கப்படும் டிரைமெட்டாசிடின் கொழுப்பு எரிப்பின் கடைசிப் படியிலுள்ள நொதியைத் தடுத்து, இதயத்தைக் குளுக்கோஸ் பக்கம் சற்றே சாய்க்கிறது. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

தைராய்டு ஹார்மோன் எந்த எரிபொருள் என்பதைவிட, மொத்தத்தில் எவ்வளவு வேகமாக எரியவேண்டும் என்பதைத்தான் நிர்ணயிக்கிறது. அது கூடினால் கால்சியம் பம்பும் துடிப்பும் வேகமெடுத்து ஆக்சிஜன் தேவை ஏறும். இதயக் குழாய் அடைப்புள்ள முதியவர்களுக்குத் தைராக்சின் தொடங்கும்போது 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்து வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுவதன் காரணம் அதுவே. ‘மாத்திரை சின்னதாக இருக்கிறது, இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன்’ என்று அத்தையோ பெரியப்பாவோ சொன்னால் தடுத்துவிடுங்கள்.

இதயமும் ஹார்மோன் சுரக்கும் உறுப்புதான். 1981-ல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் காட்டியது இதை: மேலறைத் தசையில் உள்ள ஒரு பொருள் சிறுநீரகத்தை உப்பை வெளியேற்ற வைக்கிறது. இந்த நேட்ரியூரெட்டிக் பெப்டைடுகள் மனிதரின் கொழுப்புத் திசுவையும் கொழுப்பமிலத்தை விடச் சொல்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது. சுவர் இழுபடும் இதயம் தனக்கு வேண்டியதைத் தானே வரவழைக்கிறது என்று இதைப் படிக்கலாம். உடற்பருமன் உள்ளவர்களிடம் இந்தப் பெப்டைடுகள் குறைந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. இவற்றில் ஒன்றான பிஎன்பியை அளந்து இதயச் செயலிழப்பைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையில் அவர்களுடைய எண் நோயின் அளவைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

கொழுப்பமிலம் எரிபொருள் மட்டுமல்ல, செய்தியும்கூட. செல்லுக்குள் சிறு துளிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும் கொழுப்பு உடையும்போது வெளிவரும் அமிலங்கள் பிபிஏஆர்-ஆல்ஃபா என்ற புரதத்தில் போய் ஒட்டி, கொழுப்பை எரிக்கத் தேவையான மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. சில நாள் கொழுப்பு மிகுந்தால் அதை எரிக்கும் நொதிகளும் மிகும். ராண்டல் காட்டிய போட்டி நிமிடங்களில் நடப்பது; இது நாள்கணக்கில் நடப்பது.

இனிப்புநீரில் இந்த இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றுவிடுகின்றன. இன்சுலின் சொல்வதைக் கொழுப்புத் திசு கேட்பதில்லை. சாப்பிட்ட பிறகும் கொழுப்பமிலம் வந்துகொண்டே இருக்கும். பிபிஏஆர்-ஆல்ஃபா ஓயாமல் வேலை செய்யும். ரத்தத்தில் குளுக்கோஸ் மிதந்துகொண்டிருக்க, இதயம் அதை எடுக்க மாட்டாமல் கொழுப்பையே எரிக்கும். எரித்தும் தீராத மிச்சம் செரமைடு, டைஅசைல்கிளிசரால் போன்ற பொருள்களாகத் தங்கி, இன்சுலினின் குரலை மேலும் அமுக்கும். குழாயில் அடைப்பே இல்லாமல் தசை விறைத்துத் தளரும் நிலை வரலாம். என் பார்வையில், கெட்டுப்போனது கொழுப்பு எரிப்பு அல்ல, மாறிக்கொள்ளும் திறன்.

சிங்கப்பூர் இந்தியர்களுக்கு இது வெறும் பாடநூல் செய்தி இல்லை. 2010-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்களின் பங்கு இந்தியர்களிடையே 17.2 விழுக்காடு, சீனர்களிடையே 9.7 விழுக்காடு. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். இங்கே உடல் எடைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே இடர் தொடங்குவதாகவும், 27.5-க்கு மேல் அதிகம் என்றும் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். எடைக்கருவியைவிட அளவுநாடாவைத்தான் நான் நம்புவேன். சாப்பிட்ட பின் நடப்பது ஏன் உதவுகிறது என்றால், சுருங்கும் தசை இன்சுலின் இல்லாமலேயே ஏஎம்பிகே வழியாகக் குளூட்-4-ஐ மேலே கொண்டுவந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். அதனால் இன்சுலினின் சுமை குறைகிறது.

தளர்ந்த இதயத்தில் சக்திக் கையிருப்பான கிரியேட்டின் பாஸ்பேட் குறைகிறது. கொழுப்பு, குளுக்கோஸ் இரண்டையும் எரிக்கும் திறன் தேய்கிறது. அப்போது அது கீட்டோனை வழக்கத்தைவிடக் கூடுதலாக எரிக்கத் தொடங்குகிறது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி2 மாத்திரைகள் சிறுநீர்வழி குளுக்கோஸை வெளியேற்றி, இன்சுலினைத் தாழ்த்தி, கீட்டோனைச் சற்று உயர்த்துகின்றன. 2015-ல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில் இதய நோயால் இறப்பது 38 விழுக்காடு குறைந்தது; 2019-ல் டாபா-ஹெச்எஃப் ஆய்வு, இனிப்புநீர் இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் பலன் உண்டு எனக் காட்டியது. பலன் கீட்டோனால் மட்டுமே வந்ததா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உப்பும் நீரும் வெளியேறுவதற்கும் பங்குண்டு.

இந்த மாத்திரை போடுபவர்கள் விரதத்தில் கவனமாக இருக்க வேண்டிய காரணமும் அதே வழிமுறைதான். கந்த சஷ்டியோ ரமலானோ, அறுவைக்கு முந்தைய பட்டினியோ, மேலே சொன்ன ஸ்கேனுக்கான மாவுச்சத்தில்லாத நாளோ, எதுவாயினும் இன்சுலின் மேலும் தாழும், கீட்டோன் மேலும் ஏறும். ரத்தம் அமிலமாகிவிடலாம். வழக்கமான நீரிழிவு அமிலநிலையில் சர்க்கரை எகிறியிருக்கும். இதில் லிட்டருக்கு 14 மில்லிமோலுக்குக் கீழேயே இருக்கக்கூடும் என்பதால், விரலில் குத்திப் பார்த்துவிட்டு ‘சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல், மீறிய சோர்வு ஆகியவைதான் அடையாளம். திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இவற்றை நிறுத்துவது வழக்கம். எர்டுகிளிஃப்ளோசினுக்கு 4 நாள். விரதத்துக்கும் ஸ்கேனுக்கும் எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று மருத்துவரிடம் நாள் குறிக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்சுலின் ஊசி போடுபவர்கள் சாப்பிடவில்லை என்பதற்காக அதைத் தாங்களாக முழுதும் நிறுத்தக்கூடாது. அளவு குறைப்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ வந்து உணவு இறங்காத நாளில் எஸ்ஜிஎல்டி2 மாத்திரையை நிறுத்திவைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டால் சிங்கப்பூரின் அவசர மருத்துவ எண்ணான 995-ஐ அழைத்து, எந்த மாத்திரை, கடைசியாக எப்போது போட்டது, எத்தனை மணி நேரமாகச் சாப்பிடவில்லை என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.